சிங்கப்பூர் தூரம் பிறந்த கதை

திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கி வரை நேர்க்கோட்டில் சுமார் 2,980 கிலோமீட்டர். கைப்பேசியில் இரண்டு ஊர்ப் பெயரையும் தட்டினால் இந்த எண் வந்து நிற்கிறது. பக்கத்திலேயே, பறக்கும் நேரம் நாலு மணி சொச்சம் என்றும் போட்டிருக்கிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடிப் பக்கம் போய், 'சிங்கப்பூர் எத்தனை கிலோமீட்டர்?' என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். "நைட்டு சாப்ட்டு ஏறுனா விடிஞ்சா எறங்கிடலாம்" என்பதுதான் அங்கே தூரம். மகன் அந்த ஊர்க் கட்டட வேலையிலோ கப்பல் பட்டறையிலோ இருக்கும் வீட்டில் கிலோமீட்டருக்கு என்ன வேலை?

ஆனாலும் அந்த 2,980 என்னை விடவில்லை. வங்காள விரிகுடாவுக்குக் குறுக்கே எவரும் சங்கிலி பிடித்து அளந்ததில்லை. வழியில் மைல்கல் கிடையாது. பக்கத்து வயலுக்கும் நம் வயலுக்கும் நடுவில் ஒரு வரப்பை நிறுத்தவே சர்வேயரை நாலு தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது. கடலை யார் அளந்தார்கள்? தேடிக்கொண்டு போனால் கதை நாகப்பட்டினத் துறையில் தொடங்குகிறது. நடுவில் ஒரு தடவை தஞ்சைப் பெரிய கோயிலில் மோதி, உடைந்து போகவும் பார்க்கிறது.

இத்சிங் என்ற சீனத் துறவி ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு நூல் எழுதினார். பௌத்தம் பயில இந்தியா வந்த தம் நாட்டுத் துறவிகளின் வரலாறு அது. அதில் வூசிங் என்பவரின் பயணம் வருகிறது. கெடாவில் கப்பல் ஏறினார். மேற்கே முப்பது நாள். நாகப்பட்டினம் வந்து சேர்ந்தார். அங்கிருந்து இலங்கைக்கு இரண்டு நாள். கெடா என்பது நம் கடாரம். மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரை. அந்தத் தீபகற்பத்தின் தெற்கு நுனியில்தான் சிங்கப்பூர் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆக, காவிரிக் கழிமுகத்துக்கும் மலாய்க் கரைக்கும் உள்ள தூரம் அன்று எழுத்தில் ஏறியது நாள் கணக்கில்தான்: முப்பது நாள்.

அந்த முப்பது நாளையும் நினைத்தபோது தொடங்க முடியாது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கிழக்கே போகலாம். திரும்பி வர வாடைக்காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். போன இடத்தில் வியாபாரம் நாலு நாளில் முடிந்தாலும், காற்று திரும்பும்வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். போய்வர ஏறக்குறைய ஒரு வருஷம். அந்தக் காலத்துக் கப்பல்காரனிடம் கடாரம் எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தால், எந்த மாதம் கிளம்புகிறாய் என்று திருப்பிக் கேட்டிருப்பான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நிலத்தை அளப்பதில் சோழநாட்டாரை மிஞ்ச ஆளில்லை. ராஜராஜன் காலத்தில் நாட்டையே கோல் பிடித்து அளந்தார்கள். வேலி, மா, காணி, முந்திரி என்று இறங்கி, கண்ணுக்கே தெரியாத பின்னம்வரை கணக்கிட்டுக் கல்லில் வெட்டினார்கள். வரி என்று வந்தால் அவ்வளவு நுணுக்கம். வழித்தூரம் என்று வந்தாலோ நாழிகைவழி, காதம். ஒரு நாழிகையில் நடக்கிற தூரம் நாழிகைவழி. நடக்கிறவன் காலைப் பொறுத்து அது நீளும், குறுகும். கடல்வழிக்கு அதுவும் கிடையாது. பெரிய கோயிலில் ராஜேந்திரன் மெய்க்கீர்த்தியைப் படியுங்கள். 1025 வாக்கில் படை போய் அடித்த ஊர்கள் வரிசையாக வருகின்றன: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடைசியில் கடாரம். பட்டியலைப் பார்த்தால் இன்றைய சுமத்ரா, மலேயா, நிக்கோபார் எல்லாம் அடங்கிவிடுகின்றன. எந்த ஊருக்கும் தூரம் சொல்லவில்லை. யாருக்கும் அது தேவைப்படவுமில்லை.

தூரம் தேவைப்பட்டது வெள்ளைக்காரனுக்கு. அவனுக்கும் முதலில் வரிக்காகவும் படைக்காகவும்தான். ஆனால் வில்லியம் லாம்டன் என்ற மனிதருக்கு வேறொரு பைத்தியம் பிடித்திருந்தது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் போரில் இருந்தவர். ஓர் இரவு, தெற்கே போவதாக நினைத்துக்கொண்டு படை வடக்கே திப்புவின் முகாமைப் பார்த்து நடந்துகொண்டிருந்ததை, நட்சத்திரத்தைப் பார்த்தே கண்டுபிடித்துத் தளபதியைத் திருப்பியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். போர் முடிந்ததும் அவர் கிழக்கிந்தியக் கும்பினியிடம் கேட்டது, தீபகற்பத்தின் குறுக்கே அளக்க அனுமதி. நிலப்படம் வரைவதற்கு உதவும் என்று மேலிடத்துக்குச் சொன்னார். மனசுக்குள் இருந்ததோ பூமியின் வடிவம். பூமி முழு உருண்டையா, துருவத்தில் தட்டையா, தட்டை என்றால் எவ்வளவு தட்டை? இது தெரியாமல் தொலைவிலிருக்கும் இரண்டு ஊருக்கு நடுவே தூரம் சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே வேலை தொடங்கியது. நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. இரண்டரையடிக் கண்ணிகள் நாற்பது. சீனப் பேரரசருக்கு இங்கிலாந்திலிருந்து பரிசாகப் போய், வேண்டாம் என்று திரும்பிய சாமான்களில் ஒன்று அது. அந்தச் சங்கிலியை நானூறு முறை நீட்டிப் போட்டு, வெயிலில் எஃகு எவ்வளவு நீள்கிறது என்று வெப்பமானியைப் பார்த்துக் கழித்து, ஏழரை மைல் நீளக் கோடு ஒன்றை அளந்தார்கள். 57 நாள் ஆனது. அதன் பிறகு சங்கிலிக்கு அதிக வேலையில்லை. முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். பள்ளிக்கூடப் பாடம். எடுத்த பக்கத்தை அடுத்த முக்கோணத்துக்கு அடியாக வைத்து மேலே போகலாம். கோணம் துல்லியமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோணம் எடுக்கும் தியோடலைட் கருவி லண்டனில் வில்லியம் கேரி செய்தது. அரை டன் எடை. அதன் படுக்கைவட்டம் மட்டும் மூன்றடி அகலம். அதைக் கொண்டு வந்த கப்பலை நடுக்கடலில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியைத் திறந்து பார்த்து, இது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள். எதிரிநாட்டானிடம் தப்பிய கருவி தஞ்சாவூரில்தான் மாட்டிக்கொண்டது.

காவிரிப் படுகையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். லாம்டனின் முறைக்கு உயரம் வேண்டும். ஒரு மேட்டிலிருந்து பார்த்தால் இருபது, முப்பது மைலுக்கு அப்பால் இருக்கும் இன்னொரு மேட்டில் நட்ட கொடி தெரிய வேண்டும். மைசூர்ப் பக்கம் குன்றுக்குப் பஞ்சமில்லை. தஞ்சாவூர்ச் சீமையிலோ திருச்சியைத் தாண்டிக் கிழக்கே வந்தால் கடல்வரை தட்டை. வாய்க்கால் கரைதான் மேடு. அதிலும் தென்னையும் மூங்கிலும் கண்ணை மறைக்கும். மிச்சம் இருப்பது கோபுரம். லாம்டன் கோபுரங்களைப் பிடித்துக்கொண்டார். அவற்றில் பெரியது 216 அடி உயரம் என்று சொல்லப்படும் பெரிய கோயில் விமானம்.

1808. தஞ்சை அரண்மனையில் மன்னர் இரண்டாம் சரபோஜி. கயிறும் கப்பியும் கட்டி, அரை டன் கருவியை விமானத்தின் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாதியில், கருவி சுவரில் இடிக்காமல் விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி ஆடிப் போய்க் கல்லில் மோதியது. ராஜராஜன் கட்டிய கல். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றடி வட்டம் கோணிப் போனது. கோணத்தில் ஒரு விகலை பிசகினாலும் பொறுக்காத மனிதரிடம் வட்டமே வளைந்த கருவி.

வேறொருவராக இருந்தால் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பார். பதில் கருவி வர இரண்டு வருஷமாவது ஆகியிருக்கும். லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்தார். கைவினைஞர்கள் சிலரைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. கருவியை அக்கக்காகக் கழற்றினார். ஆப்பு, திருகாணி, கப்பி இவற்றை வைத்து, வளைந்த வட்டத்தை மயிரிழை மயிரிழையாக இழுத்து, பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஆறு வாரம். அதற்குப் பிறகு அந்தக் கருவி பல வருஷம் உழைத்தது. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சுற்றுலா வந்தவர்களிடம் இன்றும் கதை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிழல் நன்றாகவே விழுகிறது. அந்தப் பொய்க்குப் பதில் இந்த நிஜக் கதையைச் சொல்லலாம். சுவாரசியத்தில் இது ஒன்றும் குறைச்சலில்லை.

இதே அளவையில்தான் சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே நம் தீபகற்பம் 400 மைல் அகலம் என்று நம்பியிருந்தது தப்பு, 360 மைல்தான் என்று வந்தது. நாற்பது மைல் நிலத்தை ஒரு கருவி தின்றுவிட்டது என்று மேலிடத்தில் புலம்பியிருக்கக்கூடும். வேலை வடக்கே நகர்ந்து, லாம்டன் 1823-ல் ஹிங்கன்காட்டில் காலமாகி, ஜார்ஜ் எவரெஸ்ட் கைக்கு வந்தது. அவர் காலத்தில் குமரிமுனைப் பக்கத்திலிருந்து இமய அடிவாரம்வரை சுமார் 2,400 கிலோமீட்டர் கோடு முடிந்தது. அதற்கு முன்பே, 1830-ல், எவரெஸ்ட் பூமியின் அளவை வெளியிட்டுவிட்டார். மையத்திலிருந்து நிலநடுக்கோடுவரை அவர் கணக்கில் 6,377.276 கிலோமீட்டர். இன்று செயற்கைக்கோள் கணக்கு 6,378.137. வித்தியாசம் 861 மீட்டர். கயிறு, கப்பி, கோபுரம், கொடி இவற்றை வைத்துப் போட்ட கணக்கு இது. இந்த எவரெஸ்ட் அளவை வைத்துத்தான் இந்தியாவுக்கு மட்டுமல்ல, மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் நிலப்படம் வரைந்தார்கள். தஞ்சாவூரில் கோணிப் போய் நிமிர்ந்த கருவியின் உழைப்பு அந்தப் படங்களிலும் இருக்கிறது.

பூமியின் அளவு கிடைத்தாயிற்று. ஆனால் முக்கோணம் கடலைத் தாண்டாது. நடுக்கடலில் கொடி நட எங்கே கோபுரம்? சொல்லப்போனால், கருவி மோதிய வருஷத்தில் நாம் அறிந்த சிங்கப்பூரே கிடையாது. கும்பினி அதிகாரி ராஃபிள்ஸ் அங்கே இறங்கியது 1819-ல். இறங்கிய கொஞ்ச காலத்துக்குள் நம் ஆட்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். டெலுக் ஆயர் தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் தர்கா எழும்பியது 1828-30-ல்.

கடல் கடந்த ஊருக்குத் தூரம் தெரிய, இரண்டு ஊரும் உருண்டையின் எந்தப் புள்ளியில் இருக்கின்றன என்று தெரிய வேண்டும். வடக்கு தெற்கு சுலபம். நட்சத்திரத்தின் உயரத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். கிழக்கு மேற்குதான் உயிரை வாங்கும். அதற்கு ஒரே வழி நேரம். பூமி ஒரு மணியில் பதினைந்து பாகை சுழல்கிறது. ஆகவே சென்னையில் உச்சிவெயில் அடிக்கும் கணத்தில் சிங்கப்பூரில் சூரியக் கணக்குப்படி மணி என்ன என்று தெரிந்தால், இரண்டுக்கும் நடுவே எத்தனை பாகை என்பது வந்துவிடும். நுங்கம்பாக்கத்தில் கும்பினி 1792-ல் கட்டிய வானாய்வுக்கூடத்தின் கருங்கல் தூண் இன்னும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. தமிழிலும் அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். வியாழனின் நிலவுகள் மறைவதையும் தோன்றுவதையும் பார்த்துச் சென்னையின் தீர்க்கரேகையை அங்கே கணக்கிட்டார்கள். வியாழன் ஒத்துழைக்கும், மேகம் ஒத்துழைக்காது.

தீர்வு கடலடியில் வந்தது. 1870-களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கம்பி இறங்கியது. போட்டவர்கள் வியாபாரத்துக்காகப் போட்டார்கள். வானியலாளர்கள் ஓசியில் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1881-82-ல் அமெரிக்கக் கடற்படை அதிகாரிகள் கிழக்காசியத் துறைமுகங்களின் தீர்க்கரேகைகளைத் தந்தி மூலம் அளந்துகொண்டே வந்தார்கள். யோகோஹாமா, நாகசாகி, ஹாங்காங், சிங்கப்பூர், கடைசியில் சென்னை. முறை எளிது, பொறுமைதான் வேண்டும். இரண்டு ஊரிலும் தெளிந்த இரவில் ஒரு நட்சத்திரம் தலைக்கு மேல் தெற்கு வடக்குக் கோட்டைக் கடப்பதைப் பார்த்து அந்தந்த ஊர் நேரத்துக்குக் கடிகாரத்தைச் சரி பார்க்க வேண்டும். பிறகு ஒரு முனையில் தந்திச் சாவியைத் தட்ட வேண்டும். மறுமுனையில் தட்டு வந்த நேரத்தைக் குறிக்க வேண்டும். அப்புறம் எதிர்த்திசையில் அதே வேலை. கம்பிக்குள் சமிக்ஞை ஓடப் பிடிக்கும் நேரம் இரண்டு திசையிலும் ஒன்றாக இருப்பதால் சராசரி எடுத்தால் அது அடிபட்டுப் போகும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சூரிய நேரம் சுமார் 94 நிமிடம். நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் இருபத்து மூன்றரைப் பாகைக்குக் கொஞ்சம் மேல்.

இதற்கு மேல் காகிதக் கணக்குதான். திருச்சி நிலையம் வடக்கே 10.77 பாகை, கிழக்கே 78.71. சாங்கி வடக்கே 1.36, கிழக்கே 103.99. பள்ளிக்கூடத்துப் பூமி உருண்டையில் இரண்டு புள்ளிக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் படுகிற கோடுதான் குறுக்குவழி. அந்தக் கோட்டின் இரு முனைகளையும் பூமியின் மையத்தோடு சேர்த்தால் உண்டாகும் கோணம் 26.8 பாகை. சுற்றளவு 40,030 கிலோமீட்டர் என்று வைத்தால் பாகைக்கு 111 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பெருக்கினால் நம் 2,980. நூல் அச்சே முனைக்கு மேலாகப் போய், மலாக்கா நீரிணையை ஒட்டி இறங்குவதையும் பார்க்கலாம். ராஜேந்திரன் பட்டியலில் இலாமுரிதேசம் என்று வருவது அந்த முனைப் பக்கந்தான்.

எண் பிறந்து நூறு வருஷத்துக்கு மேல், டெல்டாக்காரனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவன் கப்பல் ஏறிக்கொண்டிருந்தான். 1861-62-லேயே நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயில் வந்துவிட்டது. ஆக, கப்பல்வரை போவது சுலபம். கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் சபுராளி என்றாலே வருஷக்கணக்கில் வீடு திரும்பாத மனிதர். மற்றவர்களுக்கு அக்கரைச் சீமை. தோட்டத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டு போன கங்காணிகள் தூரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அந்தக் கப்பல்களில் பெயர் நிலைத்தது ரஜூலா. 1926-ல் கட்டியது, 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஓடியது. மேல்தளப் பயணிகளாக 5,000 பேருக்கு மேல் ஏற்ற உரிமம் பெற்றிருந்தது என்றால் கூட்டத்தை யோசித்துக்கொள்ளுங்கள். நாகையில் கப்பல் கரையணையாது, ஆழம் கிடையாது. அலையில் படகேறிப் போய், ஆடுகிற ஏணியில் தொற்ற வேண்டும். நாகையிலிருந்து பினாங்கு சுமார் 1,260 கடல் மைல். மணிக்குப் பன்னிரண்டரை மைல் ஓடினால் நூறு மணி நேரம், அதாவது நாலு நாள் சொச்சம். நடுத்துறைகளில் நின்று சிங்கப்பூர் போய்ச் சேரக் கிட்டத்தட்ட ஒரு வாரம். வழியில் தொற்றுநோய் சந்தேகம் வந்தால் இறங்கும் முன் தீவில் அடைத்துப் போடுவார்கள். அந்த நாட்களை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. ரஜூலாவுக்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அதோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் நின்றது.

விமானம் திருச்சிக்கு 1938-லேயே வந்துவிட்டது, டாடாவின் கராச்சி–கொழும்பு தபால் விமானமாக. ஏழைக்கு அது வானத்தில் கேட்கும் சத்தம் மட்டும். 1954-ல் ஏர் இந்தியா சென்னை வழியாகச் சிங்கப்பூருக்குப் பறக்கத் தொடங்கியபோதும் பணக்காரர் கதைதான். கப்பலேறிய வர்க்கம் விமானம் ஏறியது மலிவு விமானங்கள் வந்த பிறகுதான். 2008-ல் ஏர் ஏசியா கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்தது நம் பக்கத்துக்குப் பெரிய திருப்பம் என்பேன். 2012-ல் திருச்சி பன்னாட்டு நிலையம் ஆனது. 2024-ல் புது முனையம் திறந்தது. தஞ்சாவூரில் உலகப்போர் காலத்திலிருந்தே ஓடுதளம் இருக்கிறது. ஆனால் அது விமானப்படைக்கு. சுகோய் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நாம் திருச்சிக்குக் காரில் போகிறோம்.

இந்த நாலு மணி நேரம் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். பட்டுக்கோட்டையிலிருந்து திருச்சி நூறு கிலோமீட்டர், இரண்டரை மணி. மூன்று மணி முன்னதாக வரச் சொல்கிறார்கள். அங்கே இறங்கிக் குடிநுழைவு வரிசை, பெட்டி, அறைக்குப் போகும் ரயில். எல்லாம் சேர்த்தால் வாசலிலிருந்து வாசலுக்குப் பதினோரு மணிக்குக் குறையாது. முப்பது நாளைப் பதினோரு மணியாக்கியதே பெரிது என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதில் ஏழு மணி தரையில் போகிறது. எந்த விமானமும் அதைக் குறைக்கப் போவதில்லை. பறக்கும் நேரத்துக்கும் தூரத்துக்குமே உறவு கட்டாயமில்லை என்பதைத் திருச்சிக்காரர்கள் 2024 அக்டோபர் 11 அன்று கண்ணால் பார்த்தார்கள். ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் சக்கர இயக்கக் கோளாறால், எரிபொருளைக் குறைக்க இரண்டரை மணி நேரம் ஊரைச் சுற்றிவிட்டு அதே ஓடுதளத்தில் பத்திரமாக இறங்கியது. அத்தனை நேரம் பறந்தும் போன தூரம் சுழி.

கடிகாரம் செய்யும் குறும்பு தனி. நம் நேரம் 82.5 பாகைக் கோட்டை வைத்து 1906-ல் ஏற்பட்டது. சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 அன்று தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிக்கொண்டது. அதற்கு முன் நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி வித்தியாசம், இப்போது இரண்டரை. திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் சூரியக் கணக்கில் 101 நிமிடம்தான். மிச்சம் 49 நிமிடம் அரசாங்கம் செய்தது. அதனால் இரவு ஒரு மணிக்கு ஏறினால் அங்கே காலை ஏழரை. போகும்போது ஆறரை மணி நேரம் ஆனதுபோலத் தெரியும். அங்கே இரவு எட்டுக்கு ஏறினால் இங்கே ஒன்பதரை; ஒன்றரை மணியில் வந்துவிட்டான் என்று பாட்டிகள் மெச்சுவார்கள்.

இந்தக் குறும்பைக் கழித்த பிறகும், போகவும் வரவும் ஒரே நேரம் ஆவதில்லை. பழைய கப்பல்காரனின் காற்று இன்னும் வேலை செய்கிறது, திசை மாறி. தென்மேற்குப் பருவத்தில் தரையில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், கிழக்கிலிருந்து பலமாக அடிக்கும். கோடேஸ்வரம் என்ற நம் நாட்டு வானிலையாளர் 1950-களில் இந்த மேல்காற்றோட்டத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னார். அதன் மையம் விமான உயரத்துக்கும் மேலே இருக்கிறது. ஆனால் விமானத்தைத் தள்ள அதன் விளிம்பே போதும். மணிக்கு 830 கிலோமீட்டர் பறக்கும் விமானத்துக்கு 50 கிலோமீட்டர் எதிர்காற்று என்று வைத்துக்கொண்டால் நடுவழி மட்டும் 3 மணி 49 நிமிடம். அதே காற்று முதுகில் தள்ளினால் 3 மணி 23 நிமிடம். மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு நடக்கிற மாதங்களில், பழங்காலப் பாய்மரத்துக்குக் கிழக்கே போக உதவிய பருவம், இன்றைய விமானத்தை மேற்கே விரட்டிக்கொண்டு வருகிறது.

ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை சிங்கப்பூரிலிருந்து ஆள் வருகிறது என்றால் அட்டவணையில் போட்ட நேரத்தை நம்பி நிதானமாகக் கிளம்பாதீர்கள். விமானம் இருபது நிமிடம் முன்னதாக இறங்கிவிடக்கூடும். வண்டியைக் கொஞ்சம் முன்பே அனுப்பிவிடுங்கள்.